உட்காராத கிருஷ்ணப்பிரியா

கிருஷ்ணப்பிரியா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், சாப்பாடுகூட நின்றுகொண்டுதான். என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள் என்றால் கல்லாப்பெட்டிக்கும் லேமினேஷன் மெஷினுக்கும் நடுவே நடந்துகொண்டே பேசுவாள். "ஐயே, தலை சுத்துது, ஒரு எடத்துல நில்லும்மா" என்று கத்தினால் நிற்பாள். நின்ற இடத்தில் பேனாவை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பிப்பாள். அதற்கு அவள் நடந்ததே தேவலை என்று விட்டுவிடுவேன்.

குமணன்சாவடி சந்திப்பில், மெட்ரோ தூணுக்கு எதிரே என் கடை. மாடியில் அவளுடைய டியூஷன் சென்டர். வாசல் ஃப்ளெக்ஸில் ‘அரியர் மட்டும்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். இன்ஜினியரிங் படித்துவிட்டு ஏதாவது ஒரு பேப்பரில் தேறாமல் சிக்கிக்கொண்ட பிள்ளைகள்தான் வருவார்கள். அதிலும் முக்கால்வாசிப் பேருக்குச் சிக்கல் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் என்கிற ஒரே பேப்பரில். ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பஸ் மாறி வருவார்கள். கிருஷ்ணப்பிரியா மிஸ் கைப்பட்டால் எப்பேர்ப்பட்ட மக்கும் தேறிவிடும் என்று பேச்சு.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேப்பரில் அவளே இன்னும் பாஸாகவில்லை.

இதை அவள் ஒளித்தவளில்லை. புது பேட்ச் வந்த அன்றைக்கே போர்டு முன்னால் நின்று சொல்லிவிடுவாள்: "நானும் உங்க கூடத்தான் கீறேன். இந்தப் பேப்பர்ல எத்தினி விதமா ஃபெயிலாகலாமோ அத்தினியும் எனக்குத் தெரியும். அதனால வாயை மூடிகினு கேளுங்க." பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அதற்கப்புறம் அவளிடம் பயமில்லாமல் சந்தேகம் கேட்பார்கள். மேலே மிஸ் என்று கூப்பிட்டுவிட்டு, கீழே என் கடைக்கு வந்ததும் "சீனியர் வந்துட்டாங்களா, அக்கா?" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். அவளுக்கு வராது.

அவள் பாரிவாக்கத்துப் பழைய குடும்பத்துப் பெண். அப்பா மணவாளன் நெல் போட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதில் ஒரு ஃப்ளாட்டில்தான் இவளும் வீட்டுக்காரர் பிரசன்னாவும் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்பு இல்லாவிட்டால் பெயரே மொட்டையாகத் தெரியும். மணவாளன் என்ன செய்தார், மகள் பெயருக்குப் பின்னால் ‘பி.இ.’ என்று தங்க எழுத்தில் அடித்துவிட்டார். "ஒரு பேப்பர்தானே நிக்குது, தாலி ஏறதுக்குள்ள எழுதிட மாட்டா?" தாலி ஏறியது. பிள்ளை பிறந்தது, அது இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அந்தப் பேப்பர் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு தடவை பிள்ளைத்தாய்ச்சியாக எழுதப் போய் ஹாலில் மயங்கினாள். ஒரு தடவை காய்ச்சல். மற்ற தடவைகளுக்கு எந்தக் காரணமும் இல்லை, எழுந்து வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பேப்பரில் என்று ஒரு நாள் நான் கேட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். ஏ-ஃபோர் பேப்பர் பண்டில் ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தாள்.

"இது ஏன் விழல, சொல்லுங்க."

"மேசை மேல கீது, எப்படி விழும்?"

"மேசை இன்னா பண்ணுது?"

"சும்மாதான் கெடக்குது."

"சும்மா கெடக்கல அக்கா. கீழேர்ந்து தள்ளுது. பண்டிலோட எடை கீழே இழுக்குது, மேசை மேலே தள்ளுது. ரெண்டும் சரிக்குச் சரி. அதான் அசையல."

ஒரு வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டாள். அதுதான் பண்டிலாம். மேசையைப் போடவில்லை, தரையைப் போடவில்லை, என் கடையையே போடவில்லை. கட்டத்தின் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு அம்பு, அது எடை. அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு அம்பு, அது மேசை தள்ளுவது. "பொருளைத் தனியாப் பிரிக்கணும். அதைத் தொட்டுகினு கீற எல்லாத்தையும் துடைச்சுடணும். துடைச்ச எடத்துல எல்லாம் அது தள்ளுச்சா இழுத்துச்சான்னு ஒரு அம்பு. இதுக்குப் பேர்தான் ஃப்ரீ பாடி டயக்ராம். இது சரியா வந்துச்சுன்னா கணக்கு முடிஞ்ச மாதிரி."

"பண்டிலும்தான் மேசையை அமுக்குது. அதுக்கு அம்பு எங்க?" என்று கேட்டேன். அவ்வளவு பெரிய மேதை நான்.

அவள் கைதட்டிச் சிரித்தாள். "எல்லாப் பசங்களும் இங்கதான் விழறானுங்க! அது மேசையோட படத்துல வரணும். பண்டில் படத்துல, பண்டில் மேல வர்றது மட்டும்தான். அது அடுத்தவங்களை இன்னா பண்ணுதுன்றது இங்க வரவே கூடாது."

எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. இவ்வளவு அழகாகச் சொல்கிறவள் எப்படி ஃபெயிலாகிறாள் என்பதுதான் புரியவில்லை.

மழை பிடிக்கும் மாதத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. பழைய பேட்ச்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. இதிலும் தேறாவிட்டால் அதோடு சரி, படித்த நாலு வருஷமும் போச்சு. அன்றைக்கு அவள் என் கடைக்குள் நடந்த நடை இருக்கிறதே, தரை தேய்ந்துவிடும் போலிருந்தது.

"இன்னாடி ஆச்சு?"

"கடைசி சான்ஸ், அக்கா. இதோட முடிஞ்சுது."

"எழுதிடு. ஊருக்கே சொல்லித் தர்ற."

"என்னால உக்கார முடியல அக்கா." பேனாவை எடுத்து விரலில் சுற்றினாள். "போர்டு முன்னாடி நின்னா கை தானா போடுது. பெஞ்சுல உக்காந்தா மண்டைக்குள்ள ஈ மொய்க்கிற மாதிரி கீது. எப்படா எழுந்துக்கலாம்னு மட்டும்தான் தோணுது. எனக்கு முடிக்கணும் அக்கா. எம்.இ. சேரணும், பெரிய கிளாஸ்ல பாடம் எடுக்கணும். அந்தக் கல்யாணப் பத்திரிகைய எங்க மாமியார் இன்னும் பீரோவுல வெச்சுகினு கீறாங்க, தெரியுமா? வர்றவங்க கிட்டல்லாம் என் மருமக இன்ஜினியர்னு சொல்றாங்க. அவங்களுக்கும் விஷயம் தெரியும். தெரிஞ்சும் சொல்றாங்க. அதைக் கேக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசுது."

பிரசன்னா நல்ல மனுஷன். கரூர்க்காரர், ஐ.டி. கம்பெனி வேலை, அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் தேர்வு நெருங்கினால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் "ரிலாக்ஸா எழுதுப்பா, டென்ஷனே ஆகாத" என்பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார் என்று கணக்கே கிடையாது. அதைக் கேட்டே அவளுக்கு டென்ஷன் ஏறிவிடும்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உட்காருவதுதானே பிரச்சினை? பழக்கினால் வராதா? குழந்தைகளைப் பழக்குவதில்லையா? கடையிலிருந்த நீல பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்து மெஷின் பக்கத்தில் போட்டேன். "தினமும் மத்தியானம் இங்க வா. உக்காரு. கணக்குப் போடு. நான் எழுந்துக்கச் சொல்ற வரைக்கும் எழுந்துக்கக் கூடாது."

வந்தாள் பாவம். உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்திலேயே கால் ஆட ஆரம்பிக்கும். அப்புறம் ஸ்டூல் ஆடும். அப்புறம் மெஷின் வைத்த மேசை ஆடி, காப்பி எடுக்கிற தாளெல்லாம் கோணலாக வரும். "அக்கா, தண்ணி." "அப்புறம் குடி." "அக்கா, கஸ்டமர் கூப்பிடறாரு." "எனக்குக் காது கீது, நீ எழுது." ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெரியவர் அவளைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தப் பொண்ணு ஏதாவது தப்பு பண்ணிடுச்சா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மாங்காட்டிலிருந்து வரும் விஷால் என்று ஒரு பையன். அவனுக்கும் அதே பேப்பர், அதே தேதியில் தேர்வு. வாய் கொஞ்சம் நீளம். அவன்தான் சொன்னான், "ஜமீலாக்கா, மிஸ்ஸுக்கு நாங்க மாடல் எக்ஸாம் வெக்கிறோம். நாங்களே திருத்தறோம்." மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். பிள்ளைகள் கேள்வித்தாள் தயாரித்து என்னிடம் வந்து பிரிண்ட் போட்டுக்கொண்டு போனார்கள். வாத்தியாரம்மா பெஞ்சில், மாணவர்கள் போர்டு பக்கம். என்னடா இது கூத்து என்று நானும் கடையைச் சாத்திவிட்டு மேலே போய்ப் பார்த்தேன்.

பாதி நேரம்கூட ஆகவில்லை. பேப்பரைக் கொடுத்துவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டாள். விஷால் திருத்தினான். திருத்தத் திருத்த அவன் முகம் மாறிக்கொண்டே போனது.

"மிஸ்."

"இன்னாடா?"

"ஒரு படம்கூடப் போடல மிஸ் நீங்க."

"மனசுல போட்டுட்டேன். ஈக்வேஷன் கரெக்டா கீதா, பாரு."

"இல்ல மிஸ்." அவன் தயங்கினான். "தொட்டிக்குள்ள ரெண்டு உருளை ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுகினு கீற கணக்கு. நீங்க ரெண்டையும் சேத்து ஒரே பொருளா எடுத்தீங்க. அப்படி எடுத்தா அதுங்க ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிறது உள்ளயே கழிஞ்சிடும், வெளிய வராது, சுவரும் தரையும் தள்றது மட்டும்தான் வரும்னு நீங்கதான சொன்னீங்க? அந்த உள் தள்ளலையும் சேத்துப் போட்டுட்டீங்க. அதான் விடை மாறிடுச்சு."

வாரம் தவறாமல் அவள் தொண்டை கிழியக் கத்துகிற பாடம் அது. கத்தினால் எனக்குக் கீழே கேட்கும்.

"எல்லாம் எனக்குத் தெரியும்டா!" என்றாள்.

"தெரியும் மிஸ். ஆனா மனசுல கீற படத்துக்கு யாரு மார்க் போடுவா?"

பேப்பரை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னாள். பிள்ளைகள் செருப்பைத் தேடி ஓடினார்கள். நான் மட்டும் நின்றேன். அவள் வெள்ளைப் போர்டைப் பார்த்துக்கொண்டு அழுதாள். "படம் போடு, படம் போடுன்னு எத்தினி பேரை நான் திட்டியிருக்கேன். படம் போடாம கணக்குத் தொடறவன் கைய ஒடைப்பேன்னு சொல்லியிருக்கேன். நானே போடல அக்கா. படம் போட நேரமாகும், அதுவரைக்கும் உக்காந்து இருக்கணும். அதான் தாண்டித் தாண்டிப் போயிடறேன். இத்தினி வருஷமா இதான் பண்ணிகினு இருந்திருக்கேன்."

"தெரிஞ்சுபோச்சுல்ல? இனிமே போடு," என்றேன். சொல்வதற்கு எனக்கென்ன.

ஸ்டூலில் இன்னும் கடுமையாக உட்கார வைத்தேன். படம் போட்டால்தான் டீ என்றேன். போட்டாள். முதல் கணக்குக்குப் போடுவாள், இரண்டாவதுக்குப் போடுவாள். மூன்றாவதில் கால் ஆட ஆரம்பித்தால் படம் போய்விடும். தேர்வுக்கு முந்தின நாள்கூட அப்படித்தான். நான் அல்லாவிடம் வாய்விட்டே துஆ கேட்டேன்.

தேர்வு, ஆவடி தாண்டி ஒரு காலேஜில். என் ஸ்கூட்டியில்தான் கூட்டிக்கொண்டு போனேன். பிரசன்னா லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றார். வேண்டாம் சாமி, நீங்கள் வழியெல்லாம் ரிலாக்ஸ் ரிலாக்ஸ் என்பீர்கள் என்று நான்தான் தடுத்தேன். பின்சீட்டில் அவள் உட்கார்ந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான், அதிலும் பருத்திப்பட்டு சிக்னலில் இறங்கி நிற்கிறேன் என்றாள்.

உள்ளே போனாள். நான் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். முதல் முக்கால் மணி நேரம் யாரையும் வெளியே விடமாட்டார்கள். அதற்கப்புறம் விடுவார்கள். இத்தனை வருஷமாக, கதவு திறந்ததும் முதலில் வெளியே வருகிற ஆள் அவள்தான். கதவு திறந்தது. ரெண்டு பையன்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், அவள் போட்டிருந்த மாதிரியே பச்சைச் சுடிதார். ஐயோ வந்துட்டாளே என்று கையிலிருந்த டீயைக் கொட்டிவிட்டேன். வேறு யாரோ ஒரு பெண். அந்தப் பெண்ணைப் போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நேரம் போனது. இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள். அவள் வரவில்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. உள்ளே மயங்கி விழுந்திருந்தால்? கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் போய்க் கேட்டேன், "யாரையாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்களா?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டேன். அவளுடைய வியாதி எனக்கு ஒட்டிக்கொண்டது.

கடைசி மணி அடித்த பிறகு விஷால் ஓடி வந்தான். "ஜமீலாக்கா, மிஸ் பண்ண வேலையக் கேளுங்க!"

"இன்னாடா பண்ணா? சீக்கிரம் சொல்லு, உசுரு போவுது."

அவன் சொன்னது இது. தேர்வை டிராயிங் ஹாலில் போட்டிருந்தார்கள். அங்கே மேசைகளெல்லாம் இடுப்புக்கு மேல் உயரம், உட்கார நெட்டை ஸ்டூல். கேள்வித்தாள் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் இவள் ஸ்டூலைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். கண்காணிக்க வந்தவர், "உட்காரும்மா" என்றார். "சார், நின்னுகினு எழுதறேன்" என்றாள். "அப்படியெல்லாம் கூடாது" என்றார். "நின்னா அடுத்தவங்க பேப்பர் தெரியும்னு பயப்படறீங்க. கடைசி வரிசையில, சுவர் ஓரமா போட்டுடுங்க சார். நான் பாடம் எடுக்கிறவ, நின்னாதான் எனக்குக் கை ஓடும்" என்றாளாம். ஹாலே சிரித்தது. அவர் மேலதிகாரியைக் கூப்பிடப் போனார். அந்த நேரமெல்லாம் வீண். அதிகாரி வந்து பார்த்தார். "நிக்கக் கூடாதுன்னு எங்கயும் ரூல் இல்லையே, எழுதட்டும் விடுங்க" என்றார். கடைசி மேசைக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் அவள் தலையைத் தூக்கவே இல்லை.

"உருளைக் கணக்கு வந்துச்சு அக்கா," என்றான் விஷால். "வருஷா வருஷம் வர்றதுதான். நான் சுமாரா போட்டிருக்கேன்."

அவள் எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். கையெல்லாம் பென்சில் கரி. நடை வழக்கமான வேகத்தில் இல்லை, கால் வீங்கியிருக்க வேண்டும்.

"எப்படிம்மா?"

"படம் போட்டேன் அக்கா. எல்லாக் கணக்குக்கும். உருளைக்கு மூணு படம், சேத்து ஒண்ணு, தனித்தனியா ரெண்டு." அப்புறம் முறைத்தாள். "உங்க ஸ்டூல ஒடச்சுக் குப்பையில போடுங்க."

அடிப்பாவி, போர்டு முன்னால் நின்றால் கை தானாகப் போடுகிறது என்று முதல் நாளே சொன்னாளே! எங்களில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து அவளைப் பிடித்து உட்கார வைக்கத்தான் பார்த்தோம். நான்தான் அதில் முதல் ஆள்.

ஆனால் நின்று எழுதினால் மட்டும் பாஸா? விடை சரியாக இருக்க வேண்டுமே. ரிசல்ட் வருகிற வரைக்கும் அவள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. மேலே பாடம் மட்டும் நடந்தது. படம் போடாமல் கணக்குத் தொட்ட பிள்ளைகளை இப்போது அவள் திட்டுவதில்லை. பக்கத்தில் போய் நின்று, "எழுந்து போர்டுக்கு வா, இங்க போடு" என்றாள்.

ரிசல்ட் அன்றைக்குச் சாயங்காலம் என் கடையில் நிற்க இடமில்லை. எல்லாப் பிள்ளைகளும் என் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். வெப்சைட் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. விஷால் தன் நம்பரை முதலில் போட்டான். பாஸ். கத்தினான் பாருங்கள், பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். "மிஸ் நம்பரைப் போடுங்கக்கா," என்றான். அவள் கல்லாவுக்கும் லேமினேஷன் மெஷினுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். என்னை வேகமாகத் தட்டச் சொன்னாள், உடனே வேண்டாம் என்றாள், மறுபடி தட்டச் சொன்னாள். அவசரத்தில் ஒரு எண் தப்பாகி, திரும்பத் தட்டினேன். பக்கம் சுற்றியது. நின்றது.

"பாஸ்," என்றேன். எனக்கே நம்பிக்கையில்லாமல் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தேன். "பாஸ்டி. பாஸாயிட்டே."

பிள்ளைகள் ஆளாளுக்குக் கூச்சல் போட்டார்கள். அவள் கூச்சல் போடவில்லை. நடப்பது மட்டும் நின்றது. சுற்றும்முற்றும் பார்த்தாள். நான் குப்பையில் போடாமல் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த நீல ஸ்டூலைக் காலால் இழுத்தாள். உட்கார்ந்தாள்.

பிரசன்னாவின் போன் வந்தது. எடுத்து, "முடிச்சிட்டேங்க" என்று மட்டும் சொன்னாள். மேலே புது பேட்ச் காத்திருந்தது. விஷால் மெதுவாக, "மிஸ், கிளாஸ்?" என்றான்.

"நீ போய் பேப்பர் பண்டில வெச்சு ஆரம்பி," என்றாள். "நான் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்."

சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். பாதம் ரெண்டும் தரையில் அசையாமல் இருந்தன. நான் மெஷினை அணைத்தேன். அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களையெல்லாம் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டேன்.